சூடு வராத ஹீட்டரும் மேலே ஏறாத முள்ளும்

"காருக்கு ஏ.சி. வேணும்னு சொன்னா நியாயம். சேலத்து வெயிலுக்கு ஹீட்டர் எதுக்குங்க?" என்று கேட்கும் சகோதரிகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம். சித்திரை மாதம் செவ்வாய்ப்பேட்டையில் குடியிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி நியாயமாகத்தான் படும். ஆனால் நம்ம ஊரிலிருந்து வண்டியை எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏற்காடு வந்துவிடுகிறதே! சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,515 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் ஆறு, ஆறரை டிகிரி சூடு குறையும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அப்படியானால் கீழே மின்விசிறி போட்டுக்கொண்டு கிளம்புகிற நாம் மேலே போய் இறங்கும்போது ஏழெட்டு டிகிரி குளிர் கூடியிருக்கும். மார்கழி, தை மாதத்து ராத்திரி என்றால் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும்.

வாங்கி வருடக்கணக்காகியும் காரின் ஹீட்டர் திருகை நாம் ஒரு தடவைகூடச் சிவப்புப் பக்கம் திருப்பியிருக்க மாட்டோம். அது வேலை செய்கிறதா இல்லையா என்பது தெரியும் நாளில், அநேகமாகக் கைக்குழந்தையோ வயசானவர்களோ வண்டியில் இருப்பார்கள். எங்கள் குடும்பத்துக்குப் போன மார்கழியில் அப்படித்தான் நடந்தது. பத்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு எஞ்சின் சமாச்சாரம் எதுவும் தெரியாது. அந்த ஒரு மாதத்தில் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதை எழுதினால் நாலு பேருக்கு உபயோகமாக இருக்குமே என்றுதான் எழுதுகிறேன்.

என் கணவர் லீ பஜாரில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதுகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால், மூன்றாவது கையாக ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினோம். என் மாமியாருக்கு மூச்சிழுப்பு உண்டு. பஸ்ஸில் நெரிசலில் கூட்டிப்போக முடியாது என்பதால்தான் கஷ்டத்தோடு கஷ்டமாக அதை வாங்கியது. ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம் என் நாத்தனார் இருக்கிறாள். அவள் குழந்தைக்குக் காது குத்து. அத்தை, நாங்கள் இரண்டு பேர், ஏழு வயது மகள் என நாலு பேரும் போய்விட்டு, சாயங்காலம் கிளம்புவதற்குள் இருட்டிவிட்டது.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே நாலைந்து வளைவு இறங்குவதற்குள் பனி இறங்கி, கார்க் கண்ணாடியில் உள்பக்கமாகப் புகை மாதிரி படிந்துவிட்டது. இவர் ஒரு கையால் துடைக்கத் துடைக்க, மறுபடி மறுபடி படிகிறது. ஹீட்டரைத் திருப்பினார். காத்து புஸ்ஸென்று வந்தது. ஆனால் ஐஸ் பெட்டியைத் திறந்தாற்போலக் குளிர்ந்த காத்து! சிவப்புக் கோடு முடிகிற வரைக்கும் திருப்பியாச்சு. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்... அதே குளிர்தான். பின்னால் அத்தைக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குகிற சத்தம் முன் சீட்டில் எனக்குக் கேட்டது. எதிரே வருகிற வண்டி வெளிச்சம் கண்ணாடியில் பட்டு முழுக்க வெள்ளையாகத் தெரிந்ததே தவிர, பாதையின் ஓரம் தெரியவில்லை.

அகலமான ஒரு இடம் பார்த்து ஓரங்கட்டி, நாலு பக்கமும் விளக்கு மின்ன விட்டு நிறுத்தினோம். அத்தைக்கு இன்ஹேலர் கொடுத்து, என் சால்வை, பாப்பாவின் ஸ்வெட்டர், ஒரு பட்டுப்புடவை என்று கையில் கிடைத்ததை எல்லாம் சுற்றினேன். அந்த வழியாக வந்த ஒரு வாடகைக் கார் டிரைவர் எங்களைப் பார்த்து நிறுத்தி, "அண்ணா, ஏ.சி.யைப் போடுங்க. உள்காத்தே சுத்துற பட்டனை ஆஃப் பண்ணிட்டு வெளிக்காத்தை எடுங்க. கண்ணாடி தெளிஞ்சிடும்" என்றார். குளிரில் ஏ.சி.யா என்று எங்களுக்குத் திகைப்பு. ஆனால் அவர் சொன்னது சரி. ஏ.சி. காத்தில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். நாம் விடும் மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்திவலையாகப் படிகிறது. ஹீட்டர் நன்றாக இருந்தால் ஏ.சி.யையும் சூட்டையும் சேர்த்தே போடலாம், சீக்கிரமாகத் தெளியும். எங்களுக்குச் சூடுதான் இல்லையே! நடுங்கிக்கொண்டே அடிவாரம் வந்து சேர்ந்தோம். அத்தையை அன்று ராத்திரியே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டி வந்தது. நாலு நாள் கழித்துத்தான் தேறினார்.

பதினாலாயிரம் ரூபாய்

மறுவாரம் காரை ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டோம். பேர் வேண்டாம். வண்டியைக் கிளப்பிப் பார்த்த அஞ்சாவது நிமிஷமே, "ஹீட்டர் கோர் போயிடுச்சுங்க. டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும். எப்படியும் பதினாலாயிரம் ஆகும்" என்றார்கள். பாப்பாவின் பள்ளிக்கூட ஃபீஸுக்காக நான் சீட்டுக் கட்டி எடுத்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அதே தொகை. "எதை வைத்துங்க கோர் போயிடுச்சுன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். அந்தப் பையன் எனக்குப் பதில் சொல்லாமல் இவரைப் பார்த்து, "அண்ணா, அக்காவுக்கு இதெல்லாம் சொன்னா புரியாது. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்றான். யோசித்துச் சொல்கிறோம் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டோம்.

என் பெரியம்மா மகன் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறார். பஞ்சாப், ஜம்மு வரைக்கும் லோடு ஏற்றிப் போகிறவர். அவருக்குப் போன் போட்டேன். அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தங்கச்சி, ஸ்பீடு காட்டுற முள்ளுக்குப் பக்கத்துல எஞ்சின் சூடு காட்டுற முள்ளு ஒண்ணு இருக்குமே, அது எங்க நிக்குது?"

எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறவளுக்கு வேறென்ன வேலை? அந்த முள்ளு எப்போதும் அடியில்தான் கிடக்கும். மலை ஏறும்போது மட்டும் கொஞ்சம் நிமிரும். இறங்கும்போது திரும்பவும் படுத்துவிடும். எஞ்சின் சூடாகாமல் இருந்தால் நல்லதுதானே என்று இவர்கூடச் சந்தோஷப்பட்டிருக்கிறார். நான் இதைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "எஞ்சினே சூடாகலைன்னா ஹீட்டர் எங்கிருந்தும்மா சூடு கொடுக்கும்? தெர்மோஸ்டாட் வால்வை எவனாவது கழட்டிப் போட்டிருப்பான். அதைப் பார்க்கச் சொல்லு முதல்ல."

சூடு எங்கிருந்து வருகிறது?

ஹீட்டர் என்றால் வீட்டில் தண்ணீர் சுட வைக்கும் கம்பிச்சுருள் மாதிரி ஏதோ கரண்ட்டில் எரிவது என்று நான் நினைத்திருந்தேன். பெட்ரோல், டீசல் கார்களில் அப்படி இல்லை. நாம் போடுகிற பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டி இழுக்கப் பயன்படுவதில்லை. மீதி அவ்வளவும் சூடாக வீணாகிறது. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள எஞ்சினைச் சுற்றிக் கூலன்ட் என்ற திரவம் ஓடுகிறது. அதை ஓட்டுவது வாட்டர் பம்ப். சூடான கூலன்ட் முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து திரும்பும். அதில் ஒரு கிளை டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு குட்டி ரேடியேட்டருக்கும் போகும். அதுதான் ஹீட்டர் கோர். அதன் மேல் காத்தாடி ஊதினால் நமக்கு வெதுவெதுப்பு. வீணாகப் போகும் சூட்டைத்தான் எடுக்கிறோம் என்பதால் ஏ.சி. மாதிரி ஹீட்டர் பெட்ரோலைக் குடிக்காது.

இந்தத் தெர்மோஸ்டாட் வால்வு எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நிற்கும் வாயிற்காவலன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவைச் சாத்தி வைத்திருக்கும். கூலன்ட் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். 82 முதல் 88 டிகிரி வாக்கில் வந்ததும், வால்வுக்குள் அடைத்திருக்கும் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். அப்புறம்தான் ரேடியேட்டருக்கு வழி. எஞ்சின் 90 டிகிரியை ஒட்டி நிதானமாக ஓடும். அப்போது முள்ளு நடுவில் நிற்கும்.

நம்ம பக்கத்து வெயிலில் இந்த வால்வு பழசாகி மூடியபடி சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதித்துவிடும். அதற்குப் புது வால்வு போடாமல், "நம்ம ஊருக்கு இது தேவையே இல்லீங்க" என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். வால்வு இல்லாத எஞ்சினில் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டருக்கு ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், உள்ளே தேய்மானமும் அதிகம். சமவெளியில் ஏ.சி. போட்டு ஓட்டுகிற வரைக்கும் யாருக்கும் தெரியாது. பனிக்காலத்து மலையில்தான் தெரியும்.

அண்ணன் சொன்னதை இவரிடம் சொன்னதும், செவ்வாய்ப்பேட்டையிலேயே பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். எழுபது வயதிருக்கும். நான் முள்ளு விஷயத்தைச் சொன்னதும், "சரியாத்தாம்மா பார்த்திருக்கே" என்று சொல்லிவிட்டு நேராக அந்த இடத்தைத் திறந்தார். உள்ளே வால்வே இல்லை! எங்களுக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் காலத்திலேயே யாரோ எடுத்திருக்கிறார்கள். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர். துருப்பிடித்துக் காவிக் கலரில் வந்தது.

புது வால்வைப் பொருத்துவதற்கு முன்னால் அந்தப் பெரியவர், "வீட்டுல கொண்டு போய் வெந்நீர்ல போட்டுப் பாரும்மா" என்று கையில் கொடுத்துவிட்டார். பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் தொங்கவிட்டேன். அத்தை, பாப்பா எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். தண்ணீர் ஆவி பறந்து, கொதி வருவதற்குச் சற்று முன்னால், வால்வின் வட்டமான மூடி மெள்ள மெள்ள விலகித் திறந்தது. வெளியே எடுத்து ஆற வைத்ததும் தானாக மூடிக்கொண்டது. பாப்பாவுக்கு மந்திரம் பார்த்த மாதிரி. எத்தனை டிகிரியில் திறக்க வேண்டும் என்று வால்விலேயே எண் பொறித்திருக்கிறது. (அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதீர்கள்.)

வால்வு, புதுக் கூலன்ட், உள்ளே கழுவி விட்ட கூலி எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துச் சொச்சம்தான் ஆனது. பணம் மிச்சம் என்பதைவிட, தை மாதம் அத்தையைக் கூட்டிக்கொண்டு மறுபடி நாகலூர் போய் வந்தபோது அவர் சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாரே, அதுதான் எனக்குப் பெரிசு.

நாமே பார்த்துக் கண்டுபிடிக்கலாம்

எல்லா வண்டியிலும் குறை வால்வில்தான் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். பெரியவர் சொல்லிக்கொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன். ஒர்க்ஷாப்புக்குப் போகும் முன் இவ்வளவும் பார்த்து வைத்துக்கொண்டால், நம்மிடம் வாய்க்கு வந்ததைச் சொல்ல யோசிப்பார்கள்.

1. முதலில் காத்து வருகிறதா என்று பாருங்கள். காத்தே வராவிட்டால் ஃபியூஸ் அல்லது காத்தாடி மோட்டார் கோளாறு. காத்து குறைவாக வந்தால் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். காத்து நன்றாக வந்து சூடு மட்டும் இல்லையென்றால்தான் கீழே சொல்வது எல்லாம்.

2. வண்டியைக் கிளப்பி உடனே சூடு வராது. பத்து நிமிஷமாவது ஓட்டிய பிறகு பாருங்கள்.

3. அந்த முள்ளு எங்கே நிற்கிறது? ரொம்ப நேரம் ஓட்டியும் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. சில புது வண்டிகளில் முள்ளுக்குப் பதிலாக நீல விளக்கு இருக்கும். எஞ்சின் சூடானதும் அது அணைய வேண்டும். அணையாமலே இருந்தால் அதே அர்த்தம்தான்.

4. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து, கூலன்ட் டப்பாவில் அளவு மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டர் கோர் பெரும்பாலும் உயரமான இடத்தில் இருப்பதால், கூலன்ட் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். மாடியில் இருக்கிறவர்களுக்குத்தானே முதலில் குழாயில் தண்ணீர் நிற்கிறது! கூலன்ட் ஊற்றும்போது உள்ளே காத்து அடைத்துக்கொண்டாலும் சூடு வராது. மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்பார்கள். காத்தை எடுத்துவிட்டால் சரியாகும்.

5. ஹீட்டர் கோருக்கு எஞ்சின் பக்கமிருந்து இரண்டு ரப்பர் பைப் போகும். எஞ்சின் சூடான பிறகு மெக்கானிக்கை அவற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் நல்ல சூடாக இருந்தும் உள்ளே குளிர்காத்து வந்தால், சூட்டையும் குளிரையும் கலக்கும் தகடோ, அதை இழுக்கும் கேபிளோ சிக்கியிருக்கிறது. அதற்குக் கோரை மாற்ற வேண்டியதில்லை. ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் கோர் அடைத்திருக்கலாம், அல்லது ஹீட்டருக்கு வழிவிடும் வால்வு மூடியிருக்கலாம். அடைப்பு என்றால் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் மாற்றுவது. முள்ளு நடுவில் நிற்கும்போதே இரண்டு பைப்பும் குளிர்ந்திருந்தால் கூலன்ட் குறைவு, ஏர் லாக், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று.

6. அந்த இரண்டு பைப்பும் கோருக்குப் போகிறதா என்பதையும் பாருங்கள். முன்பு எப்போதாவது கோர் ஒழுகியிருந்தால், செலவை மிச்சம் பிடிக்க இரண்டு பைப்பையும் ஒன்றாக இணைத்துக் கோரை விலக்கி வைத்துவிடுவதும் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது.

7. காருக்குள் இனிப்பான வாடை, முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மிதியடி ஈரம், கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் இவை இருந்தால் கோர் உண்மையிலேயே ஒழுகுகிறது. அப்போது ஒர்க்ஷாப்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியதுதான்.

முள்ளு மேலே ஏறினால் ஆபத்து

எங்கள் வண்டியில் முள்ளு கீழே கிடந்ததால் ஆபத்து எஞ்சினுக்கு உடனே இல்லை. இதற்கு நேர் எதிரானது ஒன்று இருக்கிறது. நன்றாகச் சூடு வந்துகொண்டிருந்த ஹீட்டர் திடீரென்று குளிர்காத்து விட ஆரம்பித்து, முள்ளு சிவப்பை நோக்கி ஏறினால், கூலன்ட் எங்கோ ஒழுகித் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். கூலன்ட்டும் எஞ்சின் ஆயிலும் கலந்து, ஆயில் பால் விட்ட காபி மாதிரி ஆகிவிடும். அப்புறம் செலவு பல்லாயிரத்தில். உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுவதே நல்லது.

நிறுத்திய கையோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. நம் குக்கர் வெயிட் செய்யும் அதே வேலையைத்தான் அந்த மூடியும் செய்கிறது. ஆவியை அழுத்தி வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. ஏற்காடு உயரத்தில் வெறும் பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேக நேரமாவது இதனால்தான். அழுத்தி வைத்தால்தான் கொதிக்காமல் தாங்கும். விசில் அடங்காத குக்கரைத் திறப்போமா? அதே மாதிரிதான். கையால் தொட்டுச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே திறக்க வேண்டும். பானெட் திறந்திருக்கும்போது முந்தானை, துப்பட்டா, தலைமுடி எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும்.

போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் வீட்டு வெந்நீர் அண்டாவில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புத்தான் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. கூலன்ட்டை அதன் டப்பாவில் போட்டிருக்கும் அளவுப்படி, சுத்திகரித்த பேட்டரித் தண்ணீரில் கலந்து ஊற்ற வேண்டும். கலக்கியே விற்கும் வகையும் உண்டு. அது துருவைத் தடுக்கும், சீக்கிரம் கொதிக்கவும் விடாது. ஆனால் பெரும்பாலான கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருக்கிறது. இனிப்பாக இருக்கும், கலரும் ரோஸ், பச்சை என்று சர்பத் மாதிரி இருக்கும். மிச்சத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். தரையில் சிந்தினால் கழுவிவிடுங்கள், நாய் நக்கினாலும் பிழைக்காது.

ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வண்டிக்குள்ளோ, விடுதி அறைக்குள்ளோ கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்வது உயிருக்கே உலை. ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி எரித்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு சேரும். அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலை ஊர்களில் இப்படிப் போனவர்களைப் பற்றிப் பேப்பரில் நாம் படிக்காமல் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள் தூங்குவதும் அதே ஆபத்துதான்.

கரண்ட் கார் வாங்கியிருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அதில் எஞ்சின் இல்லை, அதனால் வீண் சூடும் இல்லை. பேட்டரியிலிருந்துதான் சூடு எடுக்க வேண்டும். அதில் குளிர்காத்து வந்தால் மேலே நான் எழுதிய வால்வுக் கதை பொருந்தாது, கம்பெனி ஆட்களிடம்தான் காட்ட வேண்டும். ஹீட்டர் போட்டு ஓட்டினால் ஒரு சார்ஜில் போகும் தூரமும் குறையும். ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்கள் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

"பொம்பளைங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு சங்கதி வைத்திருக்கிறேன். என் மகளின் பொது அறிவுப் புத்தகத்தில் படித்தது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில், காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். உலகத்தில் அவ்வளவு தூரம் காரில் போன முதல் ஆள் அவர்தான். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியை எடுத்துக் குத்திச் சரி செய்தார். எஞ்சின் கொதிக்காமலிருக்க வழியெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றினார். மழையில் கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு 1903-இல் காப்புரிமை வாங்கியவரும் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணிதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அடுத்த அறையில் இருந்தபடி அது பொங்கும் நேரத்தை அறிகிற நமக்கு, ஒரு முள்ளு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிப்பது கஷ்டமான வேலை இல்லை.

ஆகவே சகோதரிகளே, இந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு காரியம் செய்யுங்கள். அடுத்த தடவை காரில் ஏறும்போது, வெயிலாக இருந்தாலும் பரவாயில்லை, கால் மணி நேரம் ஓடிய பிறகு ஹீட்டரை ஒரு நிமிஷம் சிவப்புப் பக்கம் திருப்பிப் பாருங்கள். வியர்த்தால் சந்தோஷம். குளிர்காத்து வந்தால், மலை ஏறுவதற்கு முன்னால், வயசானவர்களும் குழந்தைகளும் வண்டியில் இல்லாத ஒரு நாளில் பழுது பார்த்துவிடுங்கள்.

— ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்.